ஒரு கட்டைவிரலின் 4 மில்லிமீட்டர்: திறந்த வடிவமைப்பில் செய்த ஜாய்ஸ்டிக், ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

என் சித்தி மகனுக்கு வயது 19. டூஷேன் தசைச் சிதைவு நோய் அவனுக்குச் சிறுவயதிலேயே கண்டறியப்பட்டது. இந்நோய் இடுப்பு, தொடை, தோள் ஆகியவற்றின் தசைகளை முதலில் பலவீனமாக்கும். விரல்களின் அசைவு பெரும்பாலும் கடைசி வரை எஞ்சியிருக்கும். இன்று அவனால் கையைத் தூக்க முடியாது, மவுஸை மேசை மீது நகர்த்தவும் முடியாது. ஆனால் உள்ளங்கையைத் தலையணை மீது வைத்துவிட்டால் வலது கட்டைவிரலைப் பக்கவாட்டில் 4 மில்லிமீட்டர் அளவுக்கு அவனால் தெளிவாக அசைக்க முடியும். அந்த 4 மில்லிமீட்டரை வைத்து ஒரு கணினியை முழுமையாக இயக்க முடியுமா என்ற கேள்வியோடுதான் இந்த ஜாய்ஸ்டிக்கைச் செய்யத் தொடங்கினேன். ஓராண்டுக்கும் மேலாக அவன் அதை நாள்தோறும் பயன்படுத்திவிட்டதால், அதன் நிறைகுறைகளை எழுதும் தகுதி இப்போது எனக்கு வந்திருப்பதாக நினைக்கிறேன்.

கடையில் கிடைப்பவற்றை ஒதுக்கிவிட்டு நான் இதைத் தொடங்கவில்லை. மைக்ரோசாஃப்ட் 2018-இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் இத்துறையில் ஒரு திருப்புமுனை. அதன் பின்புறத்தில் வரிசையாக உள்ள 3.5 மில்லிமீட்டர் துளைகளில் யார் செய்த பொத்தானையும் செருகலாம். இரு பக்கங்களிலும் உள்ள யூஎஸ்பி துளைகளில் யார் செய்த ஜாய்ஸ்டிக்கையும் இணைக்கலாம். வெளியாள் செய்த கருவிக்குக் கதவைத் திறந்துவைத்த பெருநிறுவனத் தயாரிப்பு அது. சோனி 2023 டிசம்பரில் ஆக்சஸ் கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது. ஒரு கையால் இயக்கத்தக்க எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் ஜாய்ஸ்டிக்கும் பின்னர் 29.99 டாலர் விலையில் வந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளையின் கைக்கு இவற்றுள் ஒன்று பொருந்துமானால், தயங்காமல் அதையே வாங்குங்கள் என்பதுதான் என் முதல் பரிந்துரை. தொழிற்சாலையில் செய்த பொருளின் உறுதி, வீட்டு மேசையில் செய்ததற்கு எளிதில் வந்துவிடாது.

தம்பிக்கு அவை பொருந்தவில்லை. காரணம் விசை. வழக்கமான விளையாட்டுக் கைப்பிடியின் கட்டைவிரல் தண்டைச் சமையலறைத் தராசின் மீது வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். முழுதாகச் சாய்க்க ஏறத்தாழ 50 கிராம் எடைக்கு நிகரான அழுத்தம் தேவைப்பட்டது. நமக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவனுக்கோ பத்து நிமிடத்தில் விரல் சோர்ந்துவிடும். தண்டை நீளமாக்கினால் நெம்புகோல் விதிப்படி விசை குறையும் என்று பலர் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் நீளம் இரு மடங்கானால் விசை பாதியாகும்போதே விரல் பயணிக்க வேண்டிய தூரமும் இரு மடங்காகிவிடும். வலுவும் வீச்சும் சேர்ந்தே குறைந்துபோன ஒரு விரலுக்கு நீளமான தண்டு ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறித்துக்கொள்கிறது.

இந்த இடத்தில்தான் திறந்த வடிவமைப்புகள் எனக்குக் கைகொடுத்தன. கனடாவில் நீல் ஸ்குவயர் சொசைட்டி நடத்தும் மேக்கர்ஸ் மேக்கிங் சேஞ்ச் என்னும் திட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கான ஜாய்ஸ்டிக்குகள், பொத்தான்கள், பிடிகள் முதலியவற்றின் வடிவமைப்புகளை எவரும் எடுத்துச் செய்யும்படி பொதுவில் வைத்திருக்கிறது. கருவி தேவைப்படுவோரையும் அதைச் செய்துதர முன்வரும் தன்னார்வலரையும் இணைத்தும் வைக்கிறது. 1980-இல் ஒரு கார் விபத்தில் கைகால்களின் இயக்கத்தை இழந்த நீல் ஸ்குவயர் என்னும் இளைஞருக்காக, அவருடைய உறவினரான பொறியாளர் ஒருவர் மூச்சை ஊதியும் உறிஞ்சியும் மோர்ஸ் குறியீடாக எழுத உதவும் கருவியைச் செய்துகொடுத்தார்; 1984-இல் தொடங்கிய அந்த அமைப்பின் வேர் அதுதான். அவர்களுடைய லிப்சிங்க் என்னும் ஜாய்ஸ்டிக் உதடுகளால் இயங்குவது. வாயால் தண்டைத் தள்ளினால் சுட்டி நகரும். ஊதினால் இடது சொடுக்கு, உறிஞ்சினால் வலது சொடுக்கு. கைகளில் அசைவே இல்லாதவர்களுக்கு நான் முதலில் அதைத்தான் சொல்வேன். தம்பிக்கு விரல் இருப்பதால் லிப்சிங்கை அப்படியே செய்யாமல், அதன் ஆவணங்களிலிருந்து கற்றுக்கொண்டு வேறொன்றைச் செய்தேன்.

அந்த ஆவணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. உதிரிபாகப் பட்டியல், நிரல், முப்பரிமாண அச்சுக் கோப்புகள், செய்பவருக்கு ஒரு கையேடு, பயன்படுத்துபவருக்கு இன்னொரு கையேடு என்று அவை பிரிக்கப்பட்டிருந்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இணையத்தில் திறந்தவை என்று உலவும் வேறு பல வடிவமைப்புகள், அச்சிடத் தயாரான இறுதிக் கோப்பை மட்டும் தந்துவிட்டு, அளவுகளை மாற்றத்தக்க மூலக் கோப்பைத் தருவதில்லை. பிறர் கைக்குச் செய்த அளவை இன்னொருவர் கைக்கு மாற்ற முடியாவிட்டால், உடல் வேறுபாட்டுக்காகவே செய்யப்படும் ஒரு கருவியை எந்தப் பொருளில் திறந்தது என்று சொல்வது? இது என் நெடுநாள் ஆதங்கம்.

இனி நான் செய்த கருவி. மூளையாக ராஸ்பெர்ரி பை பிக்கோ என்னும், நிரல் எழுதி இயக்கத்தக்க சிறிய மின்னணுப் பலகை. உணரியாக இன்ஃபினியன் நிறுவனத்தின் டிஎல்வி493டி என்னும் காந்த உணரி. இது மூன்று அச்சுகளிலும் காந்தப்புலத்தை அளக்கும். பெரும்பாலான மலிவான ஜாய்ஸ்டிக்குகளில் உள்ள மின்தடை உணரியில் ஒரு முனை கரிப்பட்டையின் மீது உரசிக்கொண்டே இருக்கும். நாளடைவில் தேய்ந்து, யாரும் தொடாதபோதே சுட்டி ஊர்ந்து செல்லத் தொடங்கும். காந்தமுறையில் உரசலே இல்லை. அதைவிட முக்கியமான நன்மை, தண்டைத் தாங்கும் ஸ்பிரிங் எப்படி இருக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம் என்பது.

முதலில் பேனாவின் ஸ்பிரிங்கைப் போட்டேன். மிக மென்மையாக இருந்தது; ஆனால் அது எஃகு என்பதால் தண்டின் அடியில் வைத்திருந்த காந்தம் அதை இழுத்துக்கொண்டது, தண்டு ஒவ்வொரு முறையும் சற்றே வேறு இடத்தில் வந்து நின்றது. பிறகு மீன்தொட்டிக் கடையில் காற்று பம்புக்கு விற்கும் சிலிக்கான் குழாயை வாங்கி, 10 மில்லிமீட்டர் துண்டாக வெட்டி, உணரிக்கு நேர்மேலே மூடியில் ஒட்டினேன். குழாயின் மேல்வாயில் தண்டு. தண்டின் அடிமுனையில், குழாய்க்குள்ளேயே, ஒரு சிறிய நியோடைமியம் காந்தம். தண்டு சாய்ந்தால் காந்தம் சாயும், உணரி அந்தச் சாய்வைப் படிக்கும். அதே தராசில் அளந்தபோது 8 கிராமுக்கும் குறைவான அழுத்தத்தில் தண்டு முழுதாகச் சாய்ந்தது. இந்தக் கருவியில் எனக்கு மிகவும் நிறைவு தந்த பகுதி 20 ரூபாய் பெறுமானமுள்ள அந்தக் குழாய்தான்.

இருந்தாலும் விசை குறைந்தது பாதிக் கதைதான். மீதியை நிரல் செய்கிறது. தம்பியின் விரல் தண்டின் முழு வீச்சில் 40 விழுக்காட்டைத்தான் எட்டும். ஆகவே அந்த 40 விழுக்காட்டை எட்டியதுமே கணினிக்கு முழுச் சாய்வு என்று சொல்லும்படி நிரலில் ஓர் எண்ணை வைத்தேன்: 0.40. இதனால் நடுப்பகுதியின் நுண்மை கெடாதா என்று கேட்கலாம். கெடத்தான் செய்தது, சிறு எழுத்துகளின் மீது சுட்டியை நிறுத்த அவன் திணறினான். சாய்வின் வர்க்கத்துக்கு ஏற்ப வேகம் கூடும்படி மாற்றிய பின், சிறு அசைவில் சுட்டி மெல்ல ஊர்ந்தது, பெரிய அசைவில் திரையைக் கடந்தது.

டெட் ஜோன் என்று சொல்லப்படும், தண்டு சற்றே அசைந்தாலும் சுட்டி நகராத, நடுவிலுள்ள செயலற்ற பகுதியைப் பற்றிச் செய்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள் சொல்ல விரும்புகிறேன். கிடைமட்டத்துக்கும் செங்குத்துக்கும் தனித்தனியே அதை வைத்தால் நடுவில் சதுரமாகவும் அச்சுகளை ஒட்டிச் சிலுவையாகவும் ஒரு செயலற்ற பரப்பு உருவாகி, மூலைவாட்டில் நகரும் சுட்டி நேர்க்கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். மையத்திலிருந்து உள்ள தொலைவைக் கணக்கிட்டு வட்டமாக வைப்பதே சரி. அடுத்து, வட்டத்தின் விளிம்பைத் தாண்டிய இடத்திலிருந்து வேகத்தைப் பூச்சியத்தில் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் விளிம்பைத் தாண்டியவுடன் சுட்டி துள்ளும். நமக்குச் சிறு எரிச்சலாகத் தோன்றும் அந்தத் துள்ளல், விரலை மீண்டும் மையத்துக்குக் கொண்டுவரப் பாடுபடும் ஒருவருக்கு ஒவ்வொரு சொடுக்கிலும் ஒரு தடை.

சொடுக்குவதற்குத் தண்டை அழுத்தும் வசதியை நான் வைக்கவில்லை. கீழ்நோக்கி அழுத்தும் வலு அவனுக்கு இல்லை. பெட்டியின் பக்கத்தில் இரண்டு 3.5 மில்லிமீட்டர் துளைகள் இருக்கின்றன. இத்துறைப் பொத்தான்கள் பெரும்பாலானவை அந்த அளவு முனையோடுதான் வருகின்றன. இடது ஆட்காட்டி விரலின் கீழ் ஒரு மெல்லிய பொத்தான் இடது சொடுக்கு. தலைசாய்ப்பில் பொருத்திய மற்றொன்று வலது சொடுக்கு. நாளை விரல் ஒத்துழைக்காவிட்டால் அதே துளையில் கன்னத்தால் இயங்கும் பொத்தானைச் செருகிக்கொள்ளலாம்.

பலகை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பரவலாகக் கிடைக்கிறதே என்று ஆர்டுயினோ ஊனோ பலகையின் பழைய ஆர்3 பதிப்பை வாங்கிவிடாதீர்கள். கணினிக்குத் தன்னை மவுஸாகவோ ஜாய்ஸ்டிக்காகவோ நேரடியாக அறிமுகப்படுத்திக்கொள்ள அதனால் இயலாது. ஆர்டுயினோவின் லியோனார்டோ, மைக்ரோ பலகைகளாலும் பிக்கோவாலும் இயலும். நான் பிக்கோவில் சர்க்கிட்பைத்தான் என்னும் நிரல்மொழியைப் போட்டதற்குத் தனிக் காரணம் உண்டு. அந்தப் பலகையைக் கணினியில் செருகினால் அது ஒரு பென் டிரைவ் போலத் தெரியும். உள்ளே நிரல் ஓர் எழுத்துக் கோப்பாக இருக்கும். திறந்து, எண்ணை மாற்றி, சேமித்தால் அடுத்த நொடியே புதிய எண்ணோடு இயங்கும். தனி மென்பொருள் எதுவும் நிறுவ வேண்டியதில்லை. மவுஸாகவும் விசைப்பலகையாகவும் அது உடனே இயங்கும். விளையாட்டுக் கைப்பிடியாக இயங்க மட்டும் தொடக்கக் கோப்பில் கூடுதல் விவரிப்பு ஒன்றை எழுத வேண்டும். தம்பிக்கு இணையத்தில் சதுரங்கமும் கார்ப் பந்தயமும் தேவைப்பட்டன. முதலாவது மவுஸாலேயே நடந்தது, இரண்டாவதற்காக அந்தக் கோப்போடு ஒரு வார இறுதியைக் கழித்தேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். நான் கொடுத்த விலைகள்: பலகை 380 ரூபாய், காந்த உணரி 750, காந்தங்கள் 150, சிலிக்கான் குழாய் 20, துளைகள் 30, கேபிள் 120, திருகுகளும் நாற்காலிக் குழாயைப் பற்றும் கவ்வியும் 450, பெட்டியை அச்சிடக் கிராமுக்கு 8 ரூபாய் வீதம் 60 கிராமுக்கு 480. மொத்தம் 2,380 ரூபாய். உணரியைத் தவிர மின்னணுப் பொருள்கள் அனைத்தும் சென்னை ரிச்சி தெருவில் ஒரே மாலையில் கிடைத்தன. கெட்டுப்போன முயற்சிகளுக்கு இன்னும் 900 ரூபாய் ஆனது. பொத்தான்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவை முன்பே வீட்டில் இருந்தன.

கெட்டுப்போனவற்றுள் ஒன்று எல்லோருக்கும் பாடமாக இருக்கும். முதல் பெட்டியைப் பிஎல்ஏ என்னும் நெகிழியில் அச்சிட்டேன். அச்சிட எளிது, விலை குறைவு. கத்திரி வெயிலில் சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு அதைக் காரில் கொண்டுபோனபோது, வழியில் சாப்பிட நிறுத்திய நேரத்தில் முன்கண்ணாடி அருகே இருந்த பெட்டி வளைந்துவிட்டது. மூடி பொருந்தவில்லை, தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது. பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் காரின் கண்ணாடிக்கு அடியில் அந்த வெப்பம் வந்துவிடும். குளிர்நாட்டில் எழுதப்பட்ட கையேடுகளில் இதற்கான எச்சரிக்கையை எதிர்பார்க்க முடியாது. இப்போது பயன்படுத்தும் பெட்டி பெட்ஜி என்னும் நெகிழியால் ஆனது. இரண்டு கோடைகளைத் தாங்கிவிட்டது. அச்சடுக்குகளின் விளிம்பு தோலில் உரசி அவனுக்குச் சிவந்துபோனதால், கை படும் பரப்பு முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து, மேலே மெல்லிய துணி ஒட்டினேன். அவனால் கையைத் தானே நகர்த்தி வைத்துக்கொள்ள முடியாது என்பதால் ஒரு சிறு சொரசொரப்பும் புண்ணாகக்கூடும்.

குறைகளைப் பார்ப்போம். தொடக்கத்தில், கருவி இயங்கத் தொடங்கும் நொடியில் தண்டு எங்கே நிற்கிறதோ அதையே மையமாக எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். பல வடிவமைப்புகளில் அப்படித்தான் உள்ளது. இயக்கும்போது தண்டைத் தொடாதீர்கள் என்ற குறிப்போடு. தம்பியின் விரலோ எப்போதும் தண்டின் மீதே இருக்கிறது. கணினி தூங்கி விழித்தால் யாராவது வந்து விரலைத் தூக்கி எடுத்தாக வேண்டும். ஒரு வாரம் அவன் இதைச் சொல்லவே இல்லை. சித்தி சொல்லித்தான் தெரிந்தது, சுட்டி இடப்பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது என்று. இப்போது மையம் கோப்பில் சேமிக்கப்பட்டிருக்கிறது. வலது பொத்தானை 5 நொடி அழுத்தினால் மட்டுமே புதிதாக அளக்கப்படும். இந்த மாற்றத்தை முதல் நாளே செய்யாததற்காக இன்றும் வருந்துகிறேன்.

காந்த உணரிக்கு இன்னொரு பலவீனம் உண்டு. காந்தப் பூட்டு வைத்த உறையுள்ள கைப்பேசியை அருகில் வைத்தால் மையம் நகர்ந்துவிடும். ஓர் அங்குலம் தள்ளி வைத்தாலே போதாது, ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். சிலிக்கான் குழாய் எட்டு மாதங்களில் அடிப்பக்கத்தில் வெடிப்புக் காட்டியதால் மாற்றினேன். கவ்வி திருப்தியாக இல்லை. பெட்டியின் அடியில் கேமரா ஸ்டாண்டுகளில் உள்ள கால் அங்குலத் திருகுக்கான துளை வைத்தது நல்ல முடிவு, ஏனெனில் எந்தக் கேமராத் தாங்கியும் பொருந்தும்; ஆனால் வளையும் கழுத்துள்ள மலிவான கைப்பேசித் தாங்கிகள் மாலைக்குள் தொய்ந்துவிடுகின்றன. கருவியின் இடம் 5 மில்லிமீட்டர் மாறினால் அவனுக்கு அது வேறொரு கருவி. இத்துறையில் உள்ளவர்கள் தாங்கிக்கு இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இறுதியில் இரண்டு கணுக்கள் உள்ள உலோகக் கவ்வி ஒன்றை வாங்கிப் பொருத்தினோம்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இத்தகைய வீட்டுக் கருவியைக் கணினிக்கும் விளையாட்டுக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். மின்சக்கர நாற்காலியை ஓட்ட எக்காரணம் கொண்டும் இணைக்க வேண்டாம். சுட்டி தவறினால் ஒரு சொடுக்கு வீணாகும். நாற்காலி தவறினால் ஆள் விழுவார்.

இதே பலகையையும் நிரலின் பெரும்பகுதியையும் வைத்து எங்கள் தெருவில் உள்ள 9 வயதுச் சிறுமிக்கு இரண்டாவதாக ஒன்றைச் செய்தேன். அவளுக்குப் பெருமூளை வாதம். கையில் வலு நிறைய, ஆனால் அசைவு அவள் நினைத்த இடத்தில் நிற்காது. தம்பியின் கருவி அவள் கையில் ஒரு நிமிடமும் தாங்கியிருக்காது. அவளுக்குச் சிலிக்கான் குழாய்க்குப் பதில், வீடியோ விளையாட்டுக் கூடங்களின் எந்திரங்களில் வரும் கெட்டியான தண்டு. நான்கு திசைகளில் மட்டும் போக விடும் தடுப்பு. பிடிக்க ஒரு டென்னிஸ் பந்து. அடியில் மேசையோடு இறுக்கும் இரண்டு கவ்விகள். கை நடுக்கம் திசையாகப் பதிவாகாமலிருக்க, ஒரு திசையில் 150 மில்லிநொடி தொடர்ந்து நின்றால் மட்டும் ஏற்கும்படி நிரலில் வைத்தேன். இந்தத் தாமதத்தைக் கூட்டினால் தவறுகள் குறையும், விளையாட்டு மந்தமாகும், குறைத்தால் நேர்மாறு. மூன்று மாலைகள் அவளோடு உட்கார்ந்து, அவள் சிரிக்கும் எண் எதுவென்று பார்த்துத்தான் 150-க்கு வந்தோம். இரு கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே வடிவமைப்பிலிருந்து பிறந்தவை என்று யாரும் நம்பமாட்டார்கள்.

செய்ய நினைப்பவருக்கு: சால்டரிங் தெரிந்திருந்தால் கருவியை இரண்டு நாளில் செய்துவிடலாம். ஒருவருக்குப் பொருத்தமாக்க எனக்கு ஏழு வாரங்கள் ஆயின. அதில் பெரும்பகுதி அவன் விரலருகே உட்கார்ந்து பார்த்தது. முடிந்தால் தொழில்சார் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) ஒருவரை ஒரு முறையாவது உடன் வைத்துக்கொள்ளுங்கள். கை எந்தக் கோணத்தில் கிடந்தால் விரல் நன்றாக அசையும் என்பதை எங்கள் சிகிச்சையாளர் அரை மணி நேரத்தில் காட்டினார். நான் அதற்கு மூன்று வாரம் தேடிக்கொண்டிருந்தேன்.

டூஷேன் நின்றுவிடும் நோய் அல்ல. தொடக்கத்தில் 0.40 என்று இருந்த எண்ணை ஐந்து மாதங்களுக்குப் பிறகு 0.35 ஆக்கினேன். மழைக்காலத்தில் அவனுக்குச் சளி பிடித்துத் தேறிய பிறகு 0.30. சென்ற மாதம் நான் வெளியூரில் இருந்தபோது சித்தி அழைத்தார். “ஓரத்துக்குப் போக மாட்டேங்குதுன்னு சொன்னான்ப்பா. நீ சொல்லிக் குடுத்த மாதிரியே அந்த ஃபைலைத் திறந்து இருபத்தஞ்சுன்னு மாத்தினேன். இப்ப போகுது. வேற எதையும் தொடலை, சரிதானே?” என்று கேட்டார். சரிதான் என்றேன். பின்னணியில், ஆட்டம் பாதியில் நிற்கிறது, கைப்பேசியைத் தள்ளி வையுங்கள் என்று அவன் சொல்வது கேட்டது.